இருபத்து நாலாவது டப்பா

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, கூட்டி நாலு நாளாச்சு, காலெல்லாம் மண்ணாயிரும். அந்த நீலச் சேர்ல உக்காருங்க. இன்னொண்ணுக்கு ஒரு கால் ஆடும், எனக்கு அதுல உக்காந்து பழகிப்போச்சு. டீ வெக்கட்டுங்களா? பால் இருக்காது, வரட்டீதான். ஒத்த ஆளுக்குக் கால்படி ஊத்தறதுக்கு இத்தனை தூரம் வர்றது பால்காரருக்கும் சங்கடம், நிறுத்திட்டேன். வேண்டாமா? சரீங்க.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வர்றேன்னு போன்ல சொன்னீங்க. உங்க உழவர் கம்பெனிக்கும் இதே மாதிரி ஒண்ணு வெக்கோணும்னு. வெச்சுக்கலாமுங்க, தாராளமா. எது வேணுன்னாலும் கேளுங்க. நோட்டுல எழுதிக்குங்க, நான் மெதுவாவே சொல்றேன். எனக்கொண்ணும் அவசரமில்ல. இன்னைக்குன்னு இல்ல, என்னைக்குமே இல்ல.

மொதல்ல எதுக்குன்னு சொல்லிடறேன். உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும். தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேணும். அது பொழுதுக்கும் இருக்காது, ஷிஃப்ட் போட்டு வரும். இந்த வாரம் காலைலன்னா அடுத்த வாரம் மத்தியானம். ஊட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒண்ணரை மைல்னு வெச்சுக்குங்க. நடந்து போய்ப் பார்த்தா இருக்காது. திரும்பி வந்து சோத்துல கை வெக்கறப்ப வந்துரும். அறுபது எழுபது வயசு ஆளு எத்தனை தடவ நடப்பாரு? அதுக்குத்தான் இது. நம்ம நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தாப் போதும். உங்க ஊர்ல இப்ப த்ரீ ஃபேஸ் இருக்குது, இல்லாட்டி இல்லைன்னு உடனே மெசேஜ் வந்துரும். பட்டன் போன்லயே வரும்.

மிஸ்டு கால்னா நெசமாவே மிஸ்டு காலுங்க. கூப்பிடறவங்களுக்குக் காலணா செலவு கெடையாது. இதோ, பென்சில் டப்பி அளவுல ஒண்ணு சொருகியிருக்குது பாருங்க, அதுதான் மோடம். சிம்மு அதுக்குள்ள இருக்குது. கால் வந்ததும் மொத ரிங்லயே அது கட் பண்ணிரும். நம்பரை மட்டும் எடுத்துச் சர்வருக்குக் குடுக்கும். அந்த நம்பர்க்காரர் எந்த ஊருன்னு சர்வருக்குத் தெரியும். அந்த ஊர்ல ஒருத்தர் மோட்டார் ரூம்ல நம்ம கருவி ஒண்ணு மாட்டியிருக்கோம். அதைக் கேட்டுட்டு மெசேஜ் அனுப்பும். இப்படி இருபத்து மூணு ஊருங்க. முந்நூத்திப் பன்னெண்டு பேரு. ஒருத்தரும் என்கிட்டப் பேச வேண்டியதில்ல.

மேஜைக்கடியில துணி போர்த்தி வெச்சிருக்கேன் பாருங்க, அதுதான் சர்வர். ஆனா இந்த முறைக்குப் பேரு என்ன தெரியுங்களா? சர்வர்லெஸ். சர்வரே இல்லாததாம். பேரு வெச்சவனக் கூட்டியாந்து ஒரு நாள் இதைத் தூசி தட்டச் சொல்லோணும். விசயம் என்னன்னா, சர்வர் இல்லாம எங்க போகும்? இருக்குது. கூப்பிடறவன் அதைப் பத்தி நெனைக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான். அவன் வேலை நடந்தாச் சரி. பின்னால ஒருத்தன் உக்காந்திருக்கான்னு அவனுக்குத் தெரிய வேண்டியதே இல்ல. அப்படித் தெரியாம இருந்தாத்தான் நாம சரியா வெச்சிருக்கோம்னு அர்த்தம். இதை எழுதிக்குங்க.

உள்ள எல்லாம் டப்பா டப்பாவா இருக்கும். கன்டெய்னர்னு சொல்லோணும், நான் டப்பான்னே சொல்லிப் பழகிட்டேன். ஊருக்கு ஒரு டப்பா. அந்த வேலைக்கு வேண்டிய சாமான் மட்டும் அதுக்குள்ள இருக்கும். பக்கத்து டப்பாவுல என்ன நடக்குதுன்னு இதுக்குத் தெரியாது, அது விழுந்தாலும் இது பாட்டுக்கு இருக்கும். கூப்பிட்டா எந்திரிக்கும். வேலையை முடிக்கும். அஞ்சு நிமிசம் யாரும் கூப்பிடலைன்னா தானே மூடிக்கும். அப்பறம் மறுபடி யாராச்சும் கூப்பிட்டாத்தான் அதுக்கு உசுரு. வீணா எதுவும் ஓடாதுங்க. எனக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு.

எத்தனை நிமிசத்துல மூடோணும், எவ்வளவு மெமரி, கரண்ட் போய் வந்தா தானா எந்திரிக்கோணுமா, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வெக்கோணும். அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலயும் இடம் விட்டு எழுதோணும். ரெண்டு ஸ்பேஸ் விட வேண்டிய எடத்துல ஒண்ணு விட்டீங்கன்னா ஒரு டப்பாவும் எந்திரிக்காது. என்ன தப்புன்னும் ஒழுங்காச் சொல்லாது. நான் மொதத் தடவ ரெண்டு நாள் தேடினேனுங்க. பல்லு வெளக்கினனான்னுகூட நெனப்பில்ல. எங்க ஊட்டுக்காரி சோத்துத் தட்டைக் கொண்டாந்து கீபோர்டு மேலயே வெச்சுட்டா. "இதுகிட்டப் பேசறதுல பாதி என்கிட்டப் பேசுங்க"ன்னா. நான் தட்டை எடுத்து அக்கட்ட வெச்சுட்டு, அந்த ஸ்பேஸைத் தேடினேன்.

கண்டுபுடிச்சுட்டேனுங்க. எட்டாவது வரி.

இருபத்தாறு வருசம் மில்லுல கம்ப்யூட்டர் ரூம்ல இருந்தவன். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ள நான் ஒருத்தன். மில்லு மூடினப்பறம் இங்க வந்துட்டோம், அப்பன் காலத்துத் தோட்டம். கை சும்மா இருக்க மாட்டேங்குது, இதை ஆரம்பிச்சேன். மில்லுல குடுத்த போனைத் திருப்பி வாங்கிட்டாங்க. அதனால எங்க ரெண்டு பேருக்கும் ஊட்டுப் பட்டன் போன் ஒண்ணுதான். அப்பறம் அவ போனதுக்கப்பறம் பையன் பெங்களூர்ல இருந்து இந்த டச் போனு, புது சிம்மு எல்லாம் போட்டு அனுப்பிச்சான். நீங்க என்னைக் கூப்பிட்டது அந்த நம்பருக்குத்தான்.

போனான்னா அந்த மாதிரி போகலீங்க. சேச்சே. சாந்தாமணிக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கறா. பவானியில மச்சான் ஊட்டுல இருக்கறா. மச்சான் பேரனுக்குக் காதுகுத்து, நாலு நாள்ல வர்றேன்னு போனா. இருந்துட்டா. பதினாறு மாசமாச்சு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வரமாட்டேன்னு அவ சொல்லல. எப்ப வருவேன்னு நான் கேக்கல. அவளா போனா, அவளா வரட்டும்னு இருக்கேன். அது கெடக்குது விடுங்க.

ஒண்ணு மறக்காம எழுதிக்குங்க. மூடிக் கெடக்கற டப்பா எந்திரிக்க ஏழெட்டு செகண்ட் ஆகும். நமக்கு அது ஒண்ணுமில்ல. ஆனா போனைக் கையில வெச்சுட்டு நிக்கறவனுக்கு அது பெரிய நேரம். ஊதியூர்க்காரர் ஒருத்தர் பொறுக்க மாட்டாம மூணு தடவ அடிச்சாரு. மூணு மெசேஜ் போச்சு. சந்தையில என்னைப் பார்த்து, "ஒருக்காச் சொன்னா எனக்குப் புரியாதா"ன்னு வஞ்சாரு. அதுக்கு என்ன பண்ணலாம்னா, ஒரு டப்பா எப்பவும் தொறந்தே இருக்கட்டும்னு ஃபைல்ல எழுதலாம். கூப்பிட்ட அடுத்த செகண்டே பதில் போகும். ஆனா எல்லாத்தையும் தொறந்து வெச்சா மெமரி தாங்காது, எட்டு ஜிபிதான். அதனால ஊர் டப்பா எதையும் அப்படித் தொறந்து வெக்கறதில்ல. கூப்பிடட்டும், எந்திரிக்கட்டும்.

பாருங்க, ஸ்கிரீன்ல ஒரு வரி ஓடுச்சா? முத்தூர்ல இருந்து ஒருத்தர். கட் ஆச்சு, டப்பா எந்திரிச்சுச்சு, மெசேஜ் போச்சு. இன்னும் அஞ்சு நிமிசத்துல மூடிக்கும். நான் இப்படி உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேனுங்க. இவரு நேரத்துல எந்திரிச்சுட்டாரு, அவரு இன்னைக்குக் காணோம், ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்திருப்பாங்க போல, அப்படின்னு நெனச்சுக்குவேன். பாதிப் பேரு மூஞ்சியப் பார்த்ததில்ல. ஆனாத் தெரியும்.

என்ன, ஸ்கிரீன்ல டப்பாவை எண்ணிட்டீங்களா? வெவரமானவங்கதான். ஆமாங்க, ஊரு இருபத்து மூணு, டப்பா இருபத்து நாலு. கடைசியில இருக்கறதுக்கு ஊர்ப் பேரு இல்லதான். அது... அது ஒரு தனி நம்பருக்கு. சும்மா. உங்களுக்கு அது தேவைப்படாது.

சொல்றதுக்கு என்ன, சொல்றேன். அவ நம்பருக்குத்தான்.

அவ போய் ரெண்டு மாசத்துல, முன்னால மோடத்துல போட்டிருந்த சிம் செத்துப் போச்சு. புது நம்பர் வாங்கினா அத்தனை பேரும் மறுபடி மனப்பாடம் பண்ணோணும். ஊட்டுப் பட்டன் போன் மேசையில சும்மா கெடந்துச்சு. பன்னெண்டு வருசமா இருக்கற நம்பர், இந்தச் சுத்துப்பட்டுல பாதிப் பேருக்கு மனப்பாடம். இனி அதுக்கு யாரு கூப்பிடப் போறாங்கன்னு, அதுல இருந்த சிம்மைக் கழட்டி இதுல சொருகிட்டேன். எல்லாருக்கும் ஒரே மெசேஜ், நம்பர் மாறிப்போச்சுன்னு. வேலை முடிஞ்சுது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணி. ஸ்கிரீன்ல ஒரு வரி. பார்த்தா அவ நம்பர், பவானி போனப்பறம் மச்சான் வாங்கிக் குடுத்தது, பையன் எனக்கு அனுப்பி வெச்சிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஊரு எதுன்னு சர்வருக்குத் தெரியாதில்லீங்களா? "உங்கள் எண் பதிவு செய்யப்படவில்லை"ன்னு மெசேஜ் போயிருச்சு. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. கட்டின பொண்டாட்டிக்கு அப்படி ஒரு மெசேஜ் போலாமுங்களா? அன்னைக்கே உக்காந்து பதிவு பண்ணினேன். நம்ம ஊர்ப் பேருலயே. மறுநாள் அதே நாலரைக்கு மறுபடியும் மிஸ்டு கால் குடுத்தா. "கருக்கம்பாளையம்: த்ரீ ஃபேஸ் உள்ளது"ன்னு கரெக்டாப் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

அன்னைல இருந்து தெனமும் குடுக்கறாளுங்க. பதினாலு மாசம். ஞாயித்துக்கெழமை, தீவாளி, பொங்கல், ஒரு நாள் விட்டதில்ல. பவானியில இருக்கறவளுக்கு இங்க கரண்ட் இருந்தா என்ன, போனா என்ன? ஆனாத் தெரிஞ்சுக்கோணும். அவ வெச்ச தென்னம்புள்ளை பதினெட்டு இருக்குது கெணத்து மேட்டுல. அதுக்குத் தண்ணி பாயுதான்னு. மனுசன் மேல இல்லாட்டியும் மரத்து மேல ஒரு அக்கறை இருக்குதுன்னு நான் நெனச்சுக்குவேன். நாலரை மணிங்கறது டீ வெக்கற நேரம். டீ கொதிக்கறப்ப அவளுக்குக் கை சும்மா இருக்கும், அப்பக் குடுக்கறா போல.

அவ மெசேஜுக்கு ஏழு செகண்ட் காத்துக்கிட்டு நிக்கறது எனக்குப் பொறுக்கல. அதனால அவளுக்குன்னு தனியா ஒரு டப்பா. நாலு இருபதுக்கே தொறந்து வெச்சுருவேன். நாலே முக்காலுக்கு மூடும். அவ கூப்பிட்டா ஒண்ணரை செகண்டு, அதுக்கு மேல போனதில்ல. இந்த ஏரியாவுல இவ்வளவு சீக்கிரம் வேற யாருக்கும் பதில் போகாதுங்க. அவளுக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதுமில்ல.

புது நம்பரா? குடுக்கலீங்க. பையன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், அம்மா கேட்டாக் குடுறான்னு. கேக்கலையாம். கேக்காம எப்படிக் குடுக்கறது? அவளுக்கு அந்தப் பழைய நம்பர்தான் தெரியும்.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, நம்பிக்கை. இந்த ஏற்பாட்டை நீங்க நம்பலாம். போன கார்த்திகையில எனக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு உட முடியாமப் போச்சு. தாராபுரத்துல ஆஸ்பத்திரியில போட்டாங்க. ஒம்போது நாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரு மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்ட வந்தவரு பார்த்துட்டு வண்டியில போட்டுட்டுப் போனாரு. அந்த ஒம்போது நாளும் இங்க ஒரு ஈ காக்கா இல்ல. நடுவுல ரெண்டு தடவ நடுராத்திரில கரண்ட் போய் வந்திருக்குது. தானா எந்திரிக்கோணும்னு நான் எழுதி வெச்சிருந்தேனில்லீங்களா, அது பாட்டுக்கு எந்திரிச்சுட்டுது. திரும்பி வந்து பார்த்தா ஒரே ஒரு கால் விடல. ஆயிரத்தி நூத்திச் சொச்சம் மெசேஜ் சரியாப் போயிருக்குது. அவளுக்கும் ஒம்போது மெசேஜ் போயிருக்குது. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னா, அந்த இருமலோட வாய் விட்டுச் சிரிச்சேன்.

யாரு பார்த்துக்கிட்டாங்கன்னா கேக்கறீங்க? யாருமில்ல. யாருக்குத் தெரியும், சொல்லுங்க? சர்வர் நின்னிருந்தா என்ன ஆச்சுன்னு முந்நூறு பேரும் கேட்டிருப்பாங்க. நிக்கலையே. பையனுக்குச் சொல்லல, அவன் லீவு போட்டுட்டு ஓடியாருவான். பக்கத்துக் கட்டில்ல இருந்தவருக்கு அவரு சம்சாரம் இட்லியப் பிச்சுப் பிச்சு ஊட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசறதுக்கு ஆளில்லாமப் போயிருச்சேன்னு இருந்துச்சு. அப்பறம் வந்து அந்த ஒம்போது நாள் கணக்கைப் பார்த்ததும் சரியாப் போச்சு.

அவ்வளவுதானுங்க. வேற ஏதாச்சும் கேக்கோணும்னா கேளுங்க.

என்ன கேட்டீங்க?

அது மிஸ்டு கால்தானா, அவங்களே கட் பண்றாங்களான்னா? புரியலீங்க. மிஷின்தான் கட் பண்ணும். அதான் மொதல்லயே சொன்னேனே, மொத ரிங்லயே கட். எல்லாருக்கும் அதேதான். அவளுக்குத் தனியா என்ன?

இல்லீங்க. மிஸ்டு கால்தானுங்க. தெனமும் நாலரைக்கு மிஸ்டு கால் குடுப்பா. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

மிஷின் கட் பண்ணலைன்னா எத்தனை ரிங் போயிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது தெரிய வழியே இல்லையே. மொத ரிங்கோட முடிஞ்சுருதில்ல.

ஒரு நிமிசம் இருங்க.

இந்த நம்பர் மிஷினுக்குப் போனது அவளுக்குத் தெரியாது. அது வாஸ்தவம். அவ போனப்ப இது ஊட்டு போன்லதான் இருந்துச்சு. அவளைப் பொறுத்தவரைக்கும் இது ஊட்டு நம்பர். என் கையில இருக்கற நம்பர். சரி. அவ கூப்பிடறா. மொத ரிங்லயே கட் ஆவுது. அவ என்ன நெனச்சிருப்பா? நான்தான் கட் பண்றேன்னு.

கட் பண்ணிட்டு, கரண்ட் இருக்குதுன்னு மெசேஜ் அனுப்பறேன்னு.

மொத நாள் என்ன மெசேஜ் போச்சு மேடம்? உங்கள் எண் பதிவு செய்யப்படவில்லை. அதையும் நான்தான் அடிச்சு அனுப்பினேன்னு நெனச்சிருப்பா. அவளுக்குத் தெரியுமே என் புத்தி. செய்யக்கூடிய ஆளுதான்னு நெனச்சிருப்பா.

இல்ல இல்ல. அப்படியெல்லாம் இருக்காது. அப்படின்னா எதுக்குப் பதினாலு மாசம் கூப்பிடோணும்? மூஞ்சியில அடிச்ச மாதிரி கட் பண்றவனை யாரு தெனமும் கூப்பிடுவா? நாலு நாள் பார்ப்பாங்க, ஒரு வாரம் பார்ப்பாங்க, போடா நீயுமாச்சுன்னு விட்டுருவாங்க. அவ ரோசக்காரி. நீங்க பார்த்ததில்ல. அதனால இது மிஸ்டு கால்தான். தென்னம்புள்ளைக்குத் தண்ணி பாயுதான்னு. அதேதான். நீங்க அடுத்த கேள்வியக் கேளுங்க.

மெமரியா? எட்டு. எட்டு ஜிபி. மோடம் பேரா... அது கீழ எழுதியிருக்கும், அப்பறம் பார்த்துச் சொல்றேன். என்னங்க கேட்டீங்க, கடைசியா? திருப்பிச் சொல்லுங்க. காதுல விழுகல.

உங்க மேல கோவமில்லீங்க. நீங்க சாதாரணமாத்தான் கேட்டீங்க. எங்க ஊட்டுக்காரி அன்னைக்குத் தட்டை வெச்சுட்டுச் சொன்னது சரிதான், மில்லுல அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ளயே நான் இன்னும் உக்காந்துட்டிருக்கேன் போல. பதினாலு மாசம் தெனமும் இந்த ஸ்கிரீனைப் பார்த்துட்டிருக்கேன். இந்த ஒரு கேள்வி எனக்கு வரலையே. எத்தனை செகண்டுன்னு பார்த்தேன். ஒண்ணரை செகண்டு. வெட்டி விட்டு ஒண்ணரை செகண்டுல கரண்ட் கணக்கை மூஞ்சியில எறிஞ்சிருக்கேனுங்க. ஊர்ல வேற எவனுக்கும் அவ்வளவு சீக்கிரம் எறியல.

ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் கூப்பிட்டிருக்கா. ஒம்போது நாளும். கரண்ட் உள்ளது, கரண்ட் உள்ளது, கரண்ட் இல்லைன்னு போயிருக்குது. நல்லாத்தான் இருக்கான் மனுசன்னு நெனச்சிருப்பா.

மணி என்னங்க? நாலு பத்தா?

கட் பண்ணாம விடறதுக்கு வழி இருக்குது. ஃபைல்ல ஒரு வரிதான். இந்த நம்பரை மட்டும் கட் பண்ணாதேன்னு எழுதினா அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா என்ன பிரயோசனம்? மோடத்துல காதும் இல்ல, வாயும் இல்ல. அடிக்கறது ஸ்கிரீன்ல வரியாத் தெரியும், அவ்வளவுதான். எடுத்துப் பேச முடியாது. பேசோணும்னா சிம்மைக் கழட்டி இந்த டச் போன்ல போடோணும். அப்படிப் போட்டா சர்வர் நின்னுரும். யாருக்கும் மெசேஜ் போகாது.

இது ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாள் நின்னதில்ல மேடம். சிம் செத்தப்பக்கூட அரைமணி நேரத்துல மாத்திட்டேன். உங்ககிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேனே. நாலரை மணிங்கறது வேற கூப்பிடற நேரம். இந்த வாரம் சாயங்கால ஷிஃப்டு. இருபது முப்பது பேரு கூப்பிடுவாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?

நடந்து போய்ப் பார்ப்பாங்க. ஆமாங்க. ஒரு நாளைக்கு நடந்து போய்ப் பார்த்துக்கட்டும்.

நாளைக்குப் பண்ணலாமே. நாளைக்குச் சாவகாசமா, ஒரு பழைய போன் வாங்கி, புது சிம்முக்கு எல்லாரையும் மாத்திவிட்டு... உங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்குப் பண்ணிக்கலாம்.

நீங்க நோட்டை மூடிட்டீங்க. பஸ்ஸுக்கு எந்திரிக்கவும் காணோம்.

சரீங்க. உங்ககிட்ட ஊக்கு இருக்குதுங்களா? சேலையில குத்தற ஊக்கு. இந்த போன்ல சிம் வெக்கற எடம் குத்தினாத்தான் வெளிய வரும். கல்யாண ஊட்ல ஒரு ஊசி தேடற மாதிரி இந்த ஊட்ல தேடோணும், ஒண்ணும் எங்க இருக்குதுன்னு தெரியாது. குடுங்க. நன்றிங்க. இல்ல, நீங்களே குத்தி எடுங்க. அந்த ஓட்டைதான். மெதுவா.

மோடத்தை நான் புடுங்கறேன். அதை நான்தான் புடுங்கோணும்.

ஆச்சு. ஸ்கிரீன்ல செவப்பா வந்துருச்சு பாருங்க. இனி வரி எதுவும் ஓடாது. சத்தமே இல்ல. சத்தம் முன்னாலயும் இல்லதான், இருந்தாலும் இப்ப என்னமோ சத்தமே இல்லாத மாதிரி இருக்குது.

போன்ல டவர் வந்துருச்சுங்களா? மேல ரெண்டு கோடு தெரியுது. போதும். மேசை நடுவுல வெச்சிருங்க. சவுண்டைக் கூட்டி வெச்சிருக்கேன். மணி நாலு இருபத்தஞ்சு. நீங்க அந்தத் தண்ணியக் குடிங்க, நான் குடிச்சா இருமல் வந்துரும்.

இதோ அடிக்குது. இல்ல, இது முத்தூர் நம்பர். நின்னுருச்சு. பார்த்தீங்களா, ஒரு ரிங், அவரே கட் பண்ணிட்டாரு. இதுதானுங்க மிஸ்டு கால். அவளும் இப்படித்தான் பண்ணுவா. நீங்க வேணா பாருங்க. ஒரு ரிங் வரும், கட் பண்ணிருவா. அப்பறம் இந்தச் சிம்மை எடுத்துப் பழையபடி சொருகிட்டு நம்ம வேலையப் பார்க்கலாம். உங்களுக்கு மோடம் பேரு எழுதிக் குடுக்கோணும்.

இது ஊதியூர். ஒண்ணு, ரெண்டு. கட் பண்ணிட்டாரு. பாவம், மெசேஜ் வரும்னு பார்த்துட்டு நிப்பாரு.

இன்னைக்குன்னு பார்த்து அவ கூப்பிடாம விட்டுட்டா என்ன பண்றது? மணி நாலு முப்பது ஆச்சில்ல? உங்க வாட்ச்சுல எத்தனை? முப்பத்தொண்ணா?

அடிக்குது.

அவ நம்பருங்க.

இல்ல, எடுக்கலை, இருங்க. எடுத்துட்டா தெரியாமப் போயிரும். அவளாக் கட் பண்றாளான்னு பார்க்கோணும். ஒண்ணு. ரெண்டு. ஊதியூர்க்காரரு ரெண்டுல கட் பண்ணினாரு.

மூணு.

நாலு. கட் பண்ணலீங்க மேடம்.

அஞ்சு. பதினாலு மாசமா ஒரு ரிங்குக்கு மேல அவ கேட்டதில்ல. இப்ப அஞ்சு கேட்டுட்டா. இன்னும் வெச்சுட்டிருக்கா. ஆறு.

மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளிய நிக்கறீங்களா?